விற்பதற்கு முன் ஒரு சோதனை: கோவை ராஜவீதி அருகே ஒரு ஹால்மார்க் மையம்

அம்மாவின் பழைய நகைகளில் ஒரு பகுதியை விற்று, தங்கை மகளின் திருமணத்துக்குப் புதிய நகை எடுப்பது என்று கடந்த தை மாதம் வீட்டில் முடிவானது. நான்கு கெட்டி வளையல்கள், ஒரு சங்கிலி, ஒரு சிவப்புக்கல் அட்டிகை என மொத்தம் ஆறு உருப்படிகள். எல்லாமே 1978இல் அம்மாவின் திருமணத்துக்காகத் தெரிந்த பத்தரிடம் சொல்லிச் செய்தவை. இந்தியாவில் தங்க நகைக்கான ஹால்மார்க் முத்திரையே 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது என்பதால், இவற்றின் தரத்துக்கு அந்தப் பத்தரின் வாய்ச்சொல்லைத் தவிர எங்களிடம் வேறு சான்று எதுவும் இல்லை.

முதலில் நாங்கள் சென்ற கடையில் ஒரு வளையலை உரைகல்லில் இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் வைத்துப் பார்த்துவிட்டு, "எண்பது டச்தாங்க வரும்" என்றார்கள். நூறு பங்கில் எத்தனை பங்கு சொக்கத்தங்கம் என்பதைத்தான் இத்தொழிலில் 'டச்' என்கிறார்கள். 22 காரட் என்றால் 91.6 டச். எண்பது என்பதை எழுதித் தரும்படி கேட்டதற்கு அவர்கள் மறுத்ததும், அம்மா வளையல்களை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நகை வாங்கவும் விற்கவும் வேண்டாத ஓர் இடத்தில் அதன் தரத்தை எழுத்தில் பெற்ற பிறகே கடை ஏற வேண்டும் என்று எனக்கு அன்று உறுதியாகப் பட்டது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்கள் கடைக்காரர்களுக்கு மட்டுமே உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். பொதுமக்களும் தங்கள் நகையைக் கொண்டுபோய்ச் சோதித்து அறிக்கை பெறலாம். நான்கு உருப்படிகள் வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஒன்றுக்கு 45 ரூபாய் வீதம் கட்டணம். எங்கள் ஆறு உருப்படிகளுக்கு 270 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியுமாக 318 ரூபாய் 60 பைசா ஆனது. பவுன் விற்கும் விலையில் இது ஒரு பொருட்டே அல்ல.

ராஜவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது நாங்கள் சென்ற மையம். ஒவ்வொன்றையும் எங்கள் கண் முன்னால் எடைபோட்டு, எடையை எழுதி ரசீது கொடுத்த பிறகே உள்ளே கொண்டுபோனார்கள். ஊடுகதிர் (எக்ஸ்ரே) கருவியில் நகையை வைத்தால் பொன், வெள்ளி, செம்பு, துத்தநாகம் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று திரையில் வந்துவிடுகிறது. ஒரே இடத்தில் பார்த்து முடிக்காமல் வளையலில் மூன்று இடங்களிலும், சங்கிலியில் கண்ணியில் தனியாகவும் பற்றவைத்த இடத்தில் தனியாகவும் பார்த்தார்கள். பற்றவைத்த இடத்தில் தரம் தெளிவாகவே குறைந்து காட்டியது. பழைய சங்கிலிகளில் அது இயல்பு என்றும், கண்ணிகள் மிகுந்த நகையை உருக்கும்போது டச் இறங்குவதற்கு அதுவே காரணம் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். வளையல்கள் நான்கும் 38.420 கிராம், சராசரி 89.6 என்று அறிக்கை வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் நகைகளுக்கு நடுவே எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. எழுபது வயதைத் தாண்டிய அம்மா உட்கார ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் தன் வளையலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவால் படிக்க இயலவில்லை. நகையைக் கொண்டுவரும் பெண்களில் பலர் இவரைப் போன்றவர்களே என்னும்போது, ஒரு பக்கமாவது தமிழில் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. ஊடுகதிர் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. பல முறை அமிலத்தில் இட்டு மெருகேற்றிய நகையில் மேலே உள்ள செம்பு கரைந்துபோயிருப்பதால் உண்மைத் தரத்தைவிடச் சற்று கூடுதலாகக் காட்டும். உள்ளே அரக்கு அடைத்த நகையில் அரக்கின் எடையை அது சொல்லாது. ஐயமற்ற முடிவு வேண்டுமென்றால், சிறு துணுக்கை வெட்டியெடுத்து, ஈயத்தோடு உலையில் இட்டுப் புடம்போட்டு, மிஞ்சும் மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு எஞ்சும் பொன்னை எடைபோட வேண்டும். நகையை வெட்ட வேண்டும் என்பதால் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

அறிக்கையோடு வேறொரு கடைக்குச் சென்றோம். அங்கே எங்கள் எதிரிலேயே உருக்கினார்கள். உருக்கும் கிண்ணமான மூசையில் வளையல்களைப் போட்டு, வெங்காரம் தூவி, நெருப்பை ஊதிவிட்டதும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அம்மாவின் கையில் கிடந்தவை முட்டையின் மஞ்சள் கருவைப் போலத் திரண்டு மூசைக்குள் உருண்டன. அம்மா பார்வையை விலக்கவே இல்லை. வார்த்தெடுத்த கட்டி 38.110 கிராம் இருந்தது. அழுக்கு போனதில் 310 மில்லிகிராம் குறைவு. டச் 89.1 வந்தது. ஆக, சொக்கத்தங்கக் கணக்கில் 33.956 கிராம் கிடைத்தது. முதல் கடையின் எண்பதை ஒப்புக்கொண்டிருந்தால் 30.736 கிராமுக்கே பணம் வந்திருக்கும். மூன்று கிராமுக்கு மேல் இழந்திருப்போம். உருக்கக் கொடுப்பவர்கள் முன் எடை, பின் எடை இரண்டையும் தராசில் தாமே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புதிய நகை எடுக்கும்போது இந்த அனுபவம் மிகவும் உதவியது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில், பிஐஎஸ் முக்கோணக் குறி, 22கே916 போன்ற தரக்குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு ஆகிய மூன்றும் இல்லாத புதிய தங்க நகையைக் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் குந்தன், போல்கி போன்ற கல் பதித்த நகை வகைகள் சிலவற்றுக்கும் விலக்கு உண்டு. கடையில் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி அந்தக் குறியீட்டைப் படித்து, பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். ரசீதில் கல் நீங்கிய எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்திருப்பது பின்னால் தெரியவந்தால், குறைந்த அளவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும் என்பது விதி. சேதாரம் கடைக்குக் கடை மாறுவதால் அதைப் பேசிக் குறைக்கத் தயங்க வேண்டாம். 'கே.டி.எம்.' என்று பெருமையாகச் சொன்னால் மயங்கவும் வேண்டாம். அது காட்மியம் கலந்து பற்றவைத்ததைக் குறிக்கும் சொல்லே தவிர, தரச்சான்று அல்ல.

அட்டிகையை மட்டும் நாங்கள் விற்கவில்லை. மையத்தில் இருந்த வயதான பணியாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு அடியில தகடு வெச்சு அரக்குல பதிச்சிருக்குதுங்கம்மா, இதை நெருப்புலயும் காட்டாதீங்க, தண்ணியிலயும் போடாதீங்க" என்றார். மூடு பதிப்பில் நீர் இறங்கினால் தகடு கறுத்துக் கல்லின் ஒளி போய்விடுமாம். கல் இல்லாத நகைகளைப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் மென்மையான தூரிகையால் கழுவிவந்த அம்மா, இத்தனை ஆண்டுகளும் அட்டிகையையும் அதே நீரில்தான் போட்டிருக்கிறார். ஓரத்தில் இரண்டு கற்கள் மங்கியிருப்பதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இப்போது அதை உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடைத்து, மற்ற நகைகளோடு உரசாமல் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு கற்களுக்கும் தகடு மாற்றித் தர ஒரு பத்தர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.