லீவுல ஊருக்கு வந்து முதல் மாணிக்கம் வாங்கினேன்: கடை, லேப், பத்தர் எல்லாம் எப்படி?

இந்தத் தடவை லீவுக்குக் கிளம்புறப்பவே முடிவு பண்ணிட்டேன், நல்லதா ஒரு மாணிக்கம் வாங்கி மோதிரத்துல பதிச்சுக்கணும்னு. தங்க நகை வாங்கிப் பழக்கம் இருக்கு, கல்லுன்னு தனியா வாங்குறது இதான் முதல் தடவை. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க நிறைய பேர் இதப்பத்திக் கேக்குறதால விரிவாவே எழுதுறேன். எந்த ஊரு எந்தக் கடைன்னு மட்டும் கேக்காதீங்க, எங்க போனாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்.

முதல்ல ஒரு விஷயம், கல் பதிச்ச மோதிரமா வாங்காதீங்க, கல்லைத் தனியா வாங்குங்க. கடையில போய் மாணிக்கம்னு சொன்ன உடனே ரெடியா இருக்குற மோதிரத்தைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. பின்பக்கம் மூடின செட்டிங்கா இருந்தா கல்லோட அடிப்பாகம் எப்படி இருக்குன்னே தெரியாது, உள்ள பளபளன்னு தகடு வச்சுக் கலரை ஏத்தியிருந்தாலும் தெரியாது, கல்லோட எடையும் தெரியாது, கல்லைச் சோதிக்கிற லேப்ல குடுத்தாலும் முழுசா டெஸ்ட் பண்ண முடியாதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் லைட். மஞ்சள் வெளிச்சத்துல எந்த மாணிக்கமும் அழகாத்தான் இருக்கும், அதனால நான் ஒவ்வொரு கல்லையும் வாசல் பக்கம் எடுத்துட்டு வந்து பகல் வெளிச்சத்துல பாத்தேன். உள்ள நல்ல சிவப்பா இருந்த ரெண்டு மூணு கல் வெளிய வந்ததும் கருஞ்சிவப்பா டல்லாயிடுச்சு.

எல்லாக் கடையிலயும் முதல்ல வர்ற பதில் "ஒரிஜினல்க்கா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்". நான் அதைக் கேக்கவே இல்ல. நான் கேட்டது, இந்தக் கல்லுக்கு என்னென்ன பண்ணியிருக்கீங்க, சூடு பண்ணினதா, விரிசல்ல ஏதாவது நிரப்பினதா, அதை பில்லுல எழுதித் தருவீங்களா? இந்த ஒரு கேள்விக்கு எப்படி பதில் சொல்றாங்கங்கறத வச்சே கடையை எடை போட்டுடலாம்.

ஏன்னா மாணிக்கத்துல நிறைய படி இருக்கு. முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்துல வளர்த்த சிந்தெடிக் கல் ஒரு பக்கம், வெர்நாய்ங்கற பிரெஞ்சுக்காரர் 1902லயே தீப்பிழம்புல உருக்கி மாணிக்கம் செய்ற முறையை அறிவிச்சுட்டாரு. அதுவும் அலுமினியம் ஆக்ஸைடுதான், அதுலயும் சிவப்பு குரோமியத்தால வர்றதுதான், மோஸ் அளவுகோல்ல கடினத்தன்மையும் அதே 9தான். அதனால கண்ணாடியில கீறிப் பாக்குறது, மூச்சு விட்டுப் பாக்குறது எல்லாம் வேலைக்கே ஆகாது. ஒரு கடைக்காரர் அல்ட்ராவயலட் டார்ச் அடிச்சு "பாருங்கக்கா, எப்படி சிவப்பா எரியுது"ன்னு காட்டினாரு. சிந்தெடிக் கல்லு பெரும்பாலும் அதைவிட ஜோராவே எரியும், ஆனா இரும்புச்சத்து இருக்குற நல்ல இயற்கைக் கல்லு மங்கலாத்தான் தெரியும். டார்ச்சை வச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க.

இன்னொரு பக்கம், பூமியில கிடைச்ச கல்லுதான் ஆனா கை வச்சது. மார்க்கெட்ல இருக்குற மாணிக்கத்துல பெரும்பகுதி சூடு பண்ணினதுதான், அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, கலர் தெளிவாகும், நிரந்தரமா நிக்கும், சொல்லி வித்தா சரி. சூடு பண்றப்போ போராக்ஸ் (வெங்காரம்) மாதிரி ஏதாவது சேர்த்தா அது விரிசல் உள்ள போய் கண்ணாடி மாதிரி உறைஞ்சு நிக்கும், மியான்மர்ல மோங் சூன்னு ஒரு இடத்துக் கல்லெல்லாம் 1990கள்ல இருந்து இப்படி நிறைய வந்திருக்கு. இதுவும் எவ்வளவு இருக்குங்கறதப் பொறுத்து ஏத்துக்கலாம். மோசமானது ஈயக் கண்ணாடி நிரப்பினது. 2004 வாக்குல மார்க்கெட்டுக்கு வந்த சரக்கு இது. விலையே போகாத, விரிசல் விழுந்த கல்லை எடுத்து ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊத்திடுறாங்க, பாக்க தெளிவா பெருசா அழகா இருக்கும். எலுமிச்சை சாறு பட்டாக்கூட அந்தக் கண்ணாடி அரிச்சுப் போயிடும், பத்தர் ஊதுகுழல் காட்டினா சொல்லவே வேணாம். சில பெரிய லேப்ல இதை மாணிக்கம்னே எழுதுறதில்ல, மாணிக்கமும் கண்ணாடியும் சேர்ந்த பொருள்னுதான் எழுதுறாங்க.

இதைத்தான் ஒரு பெரிய ஷோரூம்ல "நேச்சுரல்"னு போட்ட கார்டோட குடுக்கப் பாத்தாங்க. கார்டு அவங்களே அடிச்சது, டிரீட்மென்ட்டுன்னு ஒரு வரியே அதுல இல்ல. வெளி லேப்ல காட்டிட்டு வாங்கிக்கிறேன், முழுப் பணமும் டெபாசிட்டா வச்சுக்கோங்கன்னேன், "எங்க கடையில அப்படிப் பழக்கம் இல்ல மேடம்"னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவ்வளவு ஏசி, அவ்வளவு உபசரிப்பு, ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் மனசு வரல. எனக்கு அது ரொம்பக் கோபம். வெளிநாட்டுல இருந்து வர்றவங்க திரும்ப வந்து சண்டை போட மாட்டாங்கங்கற தைரியம்தான அது?

வாங்கினது ஒரு சின்னக் கல் வியாபாரிகிட்ட. கேட்ட உடனே "இது ஹீட்டடுக்கா, ஃபில்லிங் கிடையாது, லேப்ல குடுங்க, வேற மாதிரி வந்தா கல்லைக் குடுத்துட்டு பணத்தை வாங்கிக்கோங்க"ன்னு சொல்லி, எடை, அளவு, ஹீட்டட்னு எல்லாத்தையும் பில்லுலயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாரு. கேக்காம அவரே லூப்பையும் (கல் பாக்குற சின்னப் பூதக்கண்ணாடி) எடுத்துக் கையில குடுத்தாரு. சேவைன்னா இது.

லேப் அனுபவம்தான் இந்தப் பயணத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. கல்லை என்கிட்ட இருந்து வாங்குனதும் எடை போட்டு போட்டோ எடுத்து ரசீது குடுத்தாங்க. ரிப்போர்ட் வாங்கப் போனப்போ, அங்க இருந்த பொண்ணு என் ஆர்வத்தைப் பாத்துட்டு "வாங்க மேடம், நீங்களே பாருங்க"ன்னு மைக்ராஸ்கோப்ல உக்கார வச்சாங்க. என் கல்லுக்குள்ள மெல்லிசா ஊசி ஊசியா ஓடியிருக்க வேண்டிய, சில்க்னு சொல்ற இழையெல்லாம் அறுந்து புள்ளி புள்ளியா வரிசையா நின்னுச்சு, ஒரு ஓரத்துல குட்டிப் படிகம், அதைச் சுத்தி வட்டமா ஒரு விரிசல். சூட்டுல அந்தப் படிகம் விரிஞ்சதால வந்த வட்டம் அதுன்னாங்க. சூடு பண்ணாத கல்லுல அந்த ஊசியெல்லாம் முழுசா இருக்கும், 60, 120 டிகிரி கோணத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டிட்டுப் போகும். அப்புறம் ஒப்பிட்டுப் பாக்க அவங்க வச்சிருந்த ரெண்டு சாம்பிளை மாத்தி வச்சாங்க. கண்ணாடி நிரப்பினதை லேசா சாய்ச்சதும் விரிசல் நெடுக நீலமா ஒரு மின்னல் அடிச்சுது, உள்ள தட்டையா காத்துக் குமிழி. சிந்தெடிக்ல கோடெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போச்சு, இயற்கையில வளர்ற கல்லுல கோடு நேராத்தான் போகும், வளையவே வளையாது. இதைக் கண்ணால பாத்ததுக்கு அப்புறம் யாரு என்ன கார்டு காட்டினாலும் நான் நம்புறதா இல்ல.

லேப் கருவியில ஒளிவிலகல் எண் (கல்லுக்குள்ள ஒளி எவ்வளவு வளையுதுங்கற அளவு) 1.762ல இருந்து 1.770ன்னு வந்தா கொரண்டம், அதாவது மாணிக்கமோ நீலமோ அந்த வகை. மாணிக்கம் மாதிரியே சிவப்பா இருக்குற ஸ்பைனல்ங்கற வேற கல்லு 1.718 பக்கம் நிக்கும். பிரிட்டிஷ் கிரீடத்துல முன்னாடி பதிச்சிருக்குற பிளாக் பிரின்ஸ் ரூபிகூட ஸ்பைனல்தான், அரச குடும்பத்துக்கே அப்படின்னா நம்ம கண்ணு எம்மாத்திரம். ஆனா மாணிக்கத்தோட இந்த அளவு சிந்தெடிக்குக்கும் ஒண்ணாத்தான் வரும், அதனாலதான் மைக்ராஸ்கோப் இல்லாம தீர்ப்பு கிடையாது. பெரிலியம் ஏத்திச் சூடு பண்ணினதைக் கண்டுபிடிக்க லேசர் வச்ச பெரிய கருவி வேணும், குறைஞ்ச சூட்டுல பண்ணினதுக்கு இன்ஃப்ராரெட் கருவி வேணும், சின்ன லேப்ல இதெல்லாம் இருக்காது. அதனால "நோ ஹீட்"னு சொல்லி விலையை ஏத்திக் கேக்குற கல்லுன்னா பெரிய லேப் ரிப்போர்ட் இல்லாம தொடவே தொடாதீங்க. பர்மாவோட (இப்ப மியான்மர்) மொகோக், ஆப்பிரிக்காவோட மொசாம்பிக்னு எந்த இடத்துக் கல்லுன்னு எழுதுறதுக்கும் அதேதான், பர்மாக் கல்லுன்னு வாயால சொன்னா அதுக்கு மதிப்பே இல்ல. அதுவும் 2009ல மொசாம்பிக்ல மோன்டெபுவெஸ் பக்கம் கண்டுபிடிச்சதுல இருந்து நல்ல நல்ல கல்லெல்லாம் அங்க இருந்துதான் ஏகப்பட்டது வருது, பர்மா இல்லன்னா மட்டம்னு நினைக்காதீங்க.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் "நேச்சுரல் ரூபி"ங்கற வரியோட நிறுத்திடாம டிரீட்மென்ட் வரிக்குப் போங்க. "இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்"னு இருந்தா சூடு பண்ணினது, பக்கத்துல "ரெசிட்யூ"ன்னு இருந்தா விரிசல்ல ஏதோ மிச்சம் இருக்கு, "லெட் கிளாஸ்"னு இருந்தா கல்லைத் திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு வந்தது ஹீட்டிங் மட்டும், ரெசிட்யூ இல்ல, வியாபாரி சொன்னது அப்படியே. ரிப்போர்ட் நம்பரை லேப் வெப்சைட்ல போட்டுப் பாத்து, எடை புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரைக்கும் ஒத்துப்போகுதா, மில்லிமீட்டர் அளவு சரியான்னு கல்லோட வச்சுப் பாத்தேன், நல்ல ரிப்போர்ட்டுக்கு வேற கல்லை வச்சுக் குடுக்குற வேலையும் நடக்குது. விலை இவ்வளவு போகும்னு லேப்ல எழுத மாட்டாங்க, அது அவங்க வேலையும் இல்ல.

லீவு கம்மியா இருக்குறவங்க வந்த வாரமே கல்லை லேப்ல குடுத்துடுங்க, கிளம்புற நேரத்துல குடுத்தா ரிப்போர்ட் வர்றதுக்குள்ள ஃபிளைட் ஏற வேண்டியதாயிடும், அப்புறம் தெரிஞ்சவங்க யாராவது அலையணும்.

கடைசியா பத்தர்கிட்ட போனேன். பெரியவர், கல்லை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு முதல்ல கேட்டதே "ஏம்மா, இதுல கண்ணாடி கிண்ணாடி நிரப்பியிருக்காங்களா, நெருப்பு காட்டலாமா?"ன்னுதான். ரிப்போர்ட்டைக் காட்டினேன். கல்லைக் கண் முன்னாடி எடை போட்டு எழுதிக்கிட்டாரு, மோதிர வேலை, நெருப்பு, ஆசிட் எல்லாம் முடிச்சுட்டுத்தான் கல்லைப் பதிப்பேன்னு சொன்னாரு. பின்பக்கம் திறந்தே இருக்கட்டும் ஐயான்னு சொல்லியிருக்கேன், நாளைக்கு எந்த லேப்ல வேணும்னாலும் காட்டிக்கலாம். பில்லு, ரிப்போர்ட் ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சாச்சு, மோதிரம் அடுத்த வாரம் கைக்கு வருது.