விக்கிப்பீடியா பக்கம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்: எனக்கு 38,000 ரூபாய் போய்விட்டது

நேற்றுதான் எல்லாம் தெரிந்தது. இரவு முழுக்கத் தூங்கவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவராவது தப்பிக்கட்டும்.

என் அப்பா கூத்து வாத்தியார். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேஷம் கட்டியவர். பதினெட்டாம் போர் கூத்தில் அவர் துரியோதனனாக வந்தால் விடியும்வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். இப்போது முழங்கால் போய்விட்டது, வீட்டோடு இருக்கிறார். அவர் பெயரில் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தேடியபோது கிடைத்தது ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம்.

பேசியவர் முதல் நாள் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் அப்பாவைப் பற்றியே கேட்டார். எந்த ஜமா (கூத்துக் குழு), என்ன வேஷம், தலையில் வைக்கும் கிரீடக்கட்டையை யார் செய்தது என்றுகூடக் கேட்டார். “அக்கா, அப்பா மாதிரி ஆளுக்குப் பக்கம் இல்லன்னா வேற யாருக்குக்கா இருக்கணும்?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். என் அப்பாவின் அருமை தெரிந்த ஒருவர் கிடைத்தாரே என்று கண் கலங்கியது. அன்று மாலையே 25,000 அனுப்பினேன். பக்கம் வந்ததும் மீதி 13,000. மொத்தம் 38,000 ரூபாய்.

பக்கம் வந்தது, ஆங்கிலத்தில். அப்பா தன் ஜமா ஆட்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். பத்தாம் நாள் பக்கத்தின் மேலே, இதை நீக்கலாமா என்று ஒரு நீக்கல் அறிவிப்பு. கேட்டால், “சர்வர் அப்டேட்க்கா, தானா போயிடும்.” இரண்டு நாள் கழித்து, “எங்க டீம் பாத்துக்கிட்டு இருக்கு.” அப்புறம், “மேடம், பக்கத்தைப் பாதுகாக்க மாசம் 3,000 கட்டணும்.” அக்கா எப்போது மேடம் ஆனேன் என்று தெரியவில்லை. கட்டமாட்டேன் என்றேன். அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். பக்கமும் போய்விட்டது.

பக்கத்தை நீக்குவது பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் நடத்திய விவாதத்தை உட்கார்ந்து படித்தேன். அப்பா பெயருக்குக் கீழே ‘குறிப்பிடத்தக்கவர் அல்ல’ என்று முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். வயிறு எரிந்தது. ஆனால் விதிகளைப் படித்தபோது புரிந்தது, அவர்கள் அப்பாவின் ஆட்டத்தை எடைபோடவில்லை. அவரோடு சம்பந்தமில்லாதவர்கள், நம்பகமான பத்திரிகையிலோ புத்தகத்திலோ, அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பெயரை ஒரு வரியில் சொன்னால் போதாது. என்னிடம் பணம் வாங்கிய ஆள் ஆதாரமாகக் கொடுத்திருந்த மூன்றும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரச் செய்திகள்! அப்பாவைப் பற்றி ஒரு ஆய்வேட்டில் தனி அத்தியாயமே இருக்கிறது. நான் அனுப்பிய அந்தப் பிரதியை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இந்த அளவுகோலில் பெரியவர்களும் மாட்டியிருக்கிறார்கள். கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய கட்டுரை வரைவு, ஆதாரம் போதாது என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பப்பட்டது. அதே வருஷம் அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் அறிவித்தார்கள். அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். அந்தப் பரிசை வாங்கித் தந்த லேசர் ஆய்வு வெளிவந்தது 1985-ல். வேலை பெரிதாக இருந்தும், அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது போதவில்லை. இது நியாயமா என்று சண்டை போடலாம், நானும் போடுவேன். ஆனால் 38,000 ரூபாய் கொடுத்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை இது.

மாதக் கட்டணம் கேட்பதும் பழைய வித்தைதான். திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளின் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்குவது, பிறகு பக்கத்தைக் காப்பாற்ற மாதாமாதம் கேட்பது என்று ஒரு கும்பலே இதைத் தொழிலாக நடத்தியிருக்கிறது. 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியா அந்தக் கும்பலின் 381 கணக்குகளைத் தடைசெய்து 210 கட்டுரைகளை நீக்கியது. இதை முன்பே படித்திருந்தால் என் 38,000 பிழைத்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். விக்கிப்பீடியாவில் எழுதக் கட்டணமே கிடையாது. பக்கம் நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கூலி வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014-லிருந்து விதி இருக்கிறது. உங்கள் ஆள் அறிவிப்பாரா என்று கேளுங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். இன்று காலை அப்பா பேரனிடம் போனைக் கொடுத்து, “அந்தப் பக்கத்த எடுத்துக் காட்டுடா” என்றார். நெட் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.