எகிப்து "சிறப்பு வரலாற்றுத் தொகுப்பு"க்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: 1,12,000 ரூபாய் இழந்த அனுபவம்

எகிப்திலிருந்து ஊர் திரும்பி இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. மனம் ஆறிய பிறகு எழுதலாமே என்று என் கணவர் சொன்னார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இன்றே உட்கார்ந்துவிட்டேன். பொதுச் சுற்றுலாவுக்கான கட்டணத்துக்கு மேல், பண்டைய எகிப்தின் அரசர்களைப் பற்றி நன்கு அறிந்த வழிகாட்டி ஒருவர் எங்களோடு வருவார் என்ற வாக்குறுதியை நம்பி, நாங்கள் இருவரும் தனியாக 1,12,000 ரூபாய் கட்டினோம். அந்தப் பணத்துக்கு ஈடாக வாக்களித்த எதுவுமே நடக்கவில்லை. பயண முகவரின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுக்க ஆயத்தமாகி வருவதால் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்து, மாடி அறை ஒன்றை அலுவலகமாக வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேரைக் குழுவாகச் சேர்த்து வெளிநாடு அனுப்புகிறவர்களில் ஒருவர் என்பது போதும்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். ஒன்பதாம் வகுப்பில் பண்டைய நாகரிகங்கள் பாடம் வரும்போதெல்லாம் எகிப்துக்கு நான்கு வகுப்புகளாவது கூடுதலாக எடுத்துக்கொள்வேன். பிரமிடுகளைக் காட்டிலும் என்னை ஈர்த்தது ஒரு சுவர். லக்சர் நகரிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடக்கே அபிடோஸ் என்ற இடத்தில் முதலாம் சேத்தி மன்னன் கட்டிய கோயிலில், அவனுக்கு முன் ஆண்ட அரசர்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கி வைத்த சுவர் அது. மேல் இரண்டு வரிசைகளில் 76 பெயர்கள். முதல் பெயர் மெனெஸ், எகிப்தின் முதல் அரசன் என்று சொல்லப்படுபவன். மூன்றாம் வரிசையில் சேத்தி தன் பெயர்களையே மீண்டும் மீண்டும் செதுக்கியிருக்கிறான். வரிசைக்கு எதிரே சேத்தி நிற்க, அவனுடைய மகன், பிற்காலத்தில் இரண்டாம் ராமேசஸ் என்று புகழ்பெற்ற அந்தச் சிறுவன், கையில் சுருளை விரித்துப் பிடித்திருக்கிறான். பெயர் விடுபட்டவர்களை நினைக்கும்போதுதான் அந்தச் சுவரின் உண்மையான கனம் புரியும். பெண்ணாக இருந்து அரியணை ஏறிய ஹட்செப்சுட் அதில் இல்லை. பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஆதென் என்ற சூரிய வட்டின் வழிபாட்டைக் கொண்டுவந்த அகெனாதென் இல்லை. உலகமே அறிந்த துட்டன்காமனும் இல்லை. அரசாண்டவர்களை ஆளவே இல்லை என்று ஆக்குவதற்கு ஒரு பட்டியல் போதும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்தச் சுவரைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

முகவரின் அலுவலகத்துக்கு முதல் முறை போனபோது இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அது என் தவறா என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த இளைஞருக்கு. நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மீண்டும் போனபோது, அந்தச் சுவரின் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மேசைமீது விரித்து வைத்திருந்தார். விரலால் மேல் வரிசையின் முதல் பெயரைத் தொட்டு, "டீச்சரம்மா, இதுதானே மெனெஸ்? இந்தச் சுவருக்கு முன்னால் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது என் பொறுப்பு" என்றார். வேறு எந்த முகவரும் அந்தப் பெயரைக் கேட்டதுகூட இல்லை. நான் அந்த இடத்தில் நம்பிவிட்டேன். உரிமம் பெற்ற எகிப்தியல் வழிகாட்டி பயணம் முழுவதும் எங்கள் இருவருக்கு மட்டும் தனியாக, அபிடோஸுக்கும் டெண்டெரா கோயிலுக்கும் தனி வண்டியில் ஒரு முழு நாள், அரசர்களின் பள்ளத்தாக்கில் சேத்தியின் கல்லறைக்குத் தனி நுழைவுச்சீட்டு என்று மூன்றையும் சேர்த்து 1,12,000 ரூபாய் என்றார். அன்று மாலையே வங்கிக் கணக்குக்கு அனுப்பினோம். ரசீதில் "சிறப்பு வரலாற்றுத் தொகுப்பு" என்று மட்டும் எழுதியிருந்தது. விவரங்களையும் எழுதிக் கொடுங்கள் தம்பி என்று கேட்டதற்கு, "பயணத் திட்டத்தில் எல்லாம் வந்துவிடும் அம்மா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

கெய்ரோ விமான நிலையத்தில் எங்களைப் பதினான்கு பேர் கொண்ட பொதுக் குழுவோடு சேர்த்துவிட்டார்கள். தனி வழிகாட்டி எங்கே என்று கேட்டதற்கு, அவர் லக்சரில் சேர்ந்துகொள்வார் என்று பதில் வந்தது. லக்சர் போனதும், அவர் கெய்ரோவில் அல்லவா வந்திருக்க வேண்டும் என்றார்கள். குழுவுக்கென்று வந்த இளைஞர்தான் கடைசிவரை எல்லோருக்கும் வழிகாட்டி. எகிப்தில் வழிகாட்டியாக வேலை செய்ய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்கள் அடையாள அட்டையோடு வருவார்கள். இவரிடம் அட்டை கேட்டபோது அறையில் இருக்கிறது என்றார். கடைசிவரை நான் அதைப் பார்க்கவில்லை.

கீசாவில் கூஃபு மன்னனின் பிரமிடுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதையெல்லாம் சவுக்கடி வாங்கிய அடிமைகள் கட்டினார்கள் என்று அவர் சொன்னார். பிரமிடைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் அதே கீசாவில் 1990-ல் வெளிப்பட்டன. அவர்கள் ரொட்டி சுட்ட அடுப்புகளும் தங்கிய குடியிருப்பும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அரசனின் பிரமிடுக்கு அருகிலேயே மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். நான் இதை மெதுவாகச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, ஒட்டகச் சவாரிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வைக்கப்பட்டுள்ள புதிய பெரிய அருங்காட்சியகத்துக்கு எங்களுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அதன் பிறகு கூட்டிப்போன, நாணல் தண்டிலிருந்து செய்யும் பாப்பிரஸ் தாள் விற்கும் கடையில் இருந்த நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். கடைக்காரர் தண்டைக் கீற்றுகளாகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டையால் தட்டிக் காட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல செய்முறை விளக்கம். அதைப் பார்ப்பதற்கென்று நான் 1,12,000 ரூபாய் கட்டவில்லை.

ஐந்தாம் நாள்தான் அபிடோஸ். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நாலே முக்காலுக்கே விடுதியின் முன்கூடத்தில், கட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறரை மணிக்கு வழிகாட்டி வந்து, பாதுகாப்புக் காரணத்தால் காவல்துறை அந்தச் சாலையை மூடிவிட்டது என்றார். அதற்கு மாற்றாக, பொதுச் சுற்றுலாவில் ஏற்கெனவே இருந்த லக்சர் கோயிலுக்கு அழைத்துப் போனார். வாசலில் இருந்த இரட்டைத் தூபிகளில் ஒன்றை நெப்போலியன் திருடிக்கொண்டு போனதாக விளக்கினார். எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா பிரான்சுக்குப் பரிசாகக் கொடுத்த தூபி அது. பாரிஸில் அதை நிறுத்தியது 1836-ல். நெப்போலியனோ 1821-லேயே இறந்துவிட்டார். பிறகு வாசனை எண்ணெய்க் கடை.

அன்று இரவு உணவுக் கூடத்தில் பக்கத்து மேசையில் ஸ்பெயின் நாட்டு முதிய தம்பதியர் இருந்தார்கள். பேச்சுவாக்கில் இன்று எங்கே போனீர்கள் என்று கேட்டேன். அபிடோஸ் என்றார்கள். இன்றைக்கா என்று மறுபடியும் கேட்டேன். அந்த அம்மையார் கைப்பேசியை எடுத்து என் பக்கம் திருப்பினார். அந்தச் சுவர் இருந்தது. விளிம்பில் அவர்களுடைய வழிகாட்டியின் நிழல் விழுந்திருந்தது. சிறுவன் ராமேசஸின் காதோரம் தொங்கும் முடிக்கற்றைகூடத் தெரிந்தது. சாலை திறந்துதான் இருந்தது, போக வர எந்தத் தடையும் இல்லை என்றார்கள். நான் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி முதல் பெயரைத் தேடினேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அரசர்களின் பள்ளத்தாக்கு. அங்கே பொதுச்சீட்டு வாங்கினால் திறந்திருக்கும் கல்லறைகளில் மூன்றைப் பார்க்கலாம். சேத்தியின் கல்லறைக்கும் துட்டன்காமன் கல்லறைக்கும் தனிச்சீட்டு. 1817-ல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்த சேத்தியின் கல்லறை அந்தப் பள்ளத்தாக்கிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. எங்கள் சீட்டு எங்கே என்று வழிகாட்டியைக் கேட்டால், எனக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றார். அங்கிருந்தே முகவரை அழைத்தேன். "மேடம், அந்தக் கல்லறை பராமரிப்புக்காக மூடியிருக்கிறது" என்றார். நான் நின்ற இடத்திலிருந்து ஆறு அடி தூரத்தில் ஒருவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தார். சொந்தப் பணத்திலாவது வாங்கிவிடலாம் என்று வரிசையில் நின்றோம். சீட்டு கொடுக்குமிடத்தில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை மட்டும்தான். என் கணவரின் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்படவில்லை. அதற்குள் வண்டி கிளம்புகிறது என்று அழைத்தார்கள். பொதுச்சீட்டில் பார்த்த கல்லறைகள் அழகானவைதான். பள்ளத்தாக்கில் இருந்த மொத்த நேரம் ஒரு மணி பத்து நிமிடம். அடுத்து அலபாஸ்டர் கல் கடையில் ஒரு மணி நாற்பது நிமிடம். ஆசிரியர் வேலையின் பழக்கத்தால் எல்லா நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஹட்செப்சுட்டின் கோயிலில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பின் ஆண்ட மூன்றாம் துட்மோஸ், தன் சிற்றன்னையான ஹட்செப்சுட்டைக் கொன்று, மறுநாளே அவளுடைய பெயரையெல்லாம் உளியால் கொத்தச் சொன்னான் என்றார் வழிகாட்டி. அவளை அவன் கொன்றதற்குச் சான்று கிடையாது. பெயரை அழிக்கும் வேலை அவள் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அவனுடைய ஆட்சியின் பிற்பகுதியில்தான் நடந்தது. உடனடி வெறுப்பு என்றால் ஒரு கதை. இருபது ஆண்டு காத்திருந்து செய்த அரசியல் என்றால் அது முற்றிலும் வேறு வரலாறு. பதினான்கு பேரும் முதல் கதையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு இறங்கினார்கள். முந்தைய நாள் அபிடோஸில் நான் தேடியிருக்க வேண்டிய விடுபட்ட பெயர் இவளுடையதுதான் என்பதை அங்கே நின்றுகொண்டு நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அந்த வழிகாட்டி என்ன நினைத்தாரோ, தன் கைப்பேசியில் அவருக்கு அனுப்பப்பட்டிருந்த பயணத் திட்டத்தைத் திறந்து காட்டினார். ஐந்தாம் நாளுக்கு நேராக "லக்சர், ஓய்வு" என்று இருந்தது. அபிடோஸ் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. சாலை மூடியிருக்கிறது என்று சொல்லும்படி முகவரிடமிருந்துதான் செய்தி வந்தது என்றார். ஆக, மேசைமீது அந்தச் சுவரின் படத்தை விரித்து வைத்த மனிதர், எங்களை அங்கே அனுப்புவதற்கு எந்த ஏற்பாட்டையும் செய்யவே இல்லை.

ஊருக்கு வந்ததும் கேட்டேன். முதல் நாள், எகிப்திலுள்ள நிறுவனத்திடம் விசாரிக்கிறோம் மேடம் என்றார்கள். பணம் கட்டும்வரை "டீச்சரம்மா"வாக இருந்தவள் இப்போது "மேடம்" ஆகிவிட்டேன். இரண்டாம் நாள், சார் துபாயில் இருக்கிறார் என்று அலுவலகப் பெண் சொன்னார்; அதே மாலையில் அவர் அலுவலகத்தில் நின்று அடுத்த குழுவுக்கு விளம்பரக் காணொளி பேசி வெளியிட்டிருந்தார். மூன்றாம் நாள், பாதுகாப்புக் காரணங்களால் ஏற்படும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஸ்பெயின் தம்பதியர் அன்றே போய்வந்ததை எழுதினேன். பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. இன்று காலை, அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருகிறோம், பதிவு எதுவும் போட வேண்டாம் என்று ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. நாங்கள் இழந்தது 1,12,000 ரூபாய். எங்கள் இருவரின் ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த 1,12,000 ரூபாய்.

இப்படிப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை. அபிடோஸ், டெண்டெரா, சேத்தியின் கல்லறை என்று எது சொன்னாலும் அதைப் பெயரோடும் தேதியோடும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எகிப்தில் உங்களைக் கூட்டிப்போகும் நிறுவனத்துக்கு அனுப்பப்படும் பயணத் திட்டத்தின் பிரதியைக் கிளம்பும் முன்பே கேளுங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள். வழிகாட்டியின் உரிம அட்டையை முதல் நாளே பாருங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வையுங்கள், பல இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் செல்லாது. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ நாளைக் காலை அழைக்கப் போகிறேன். இப்படிப்பட்ட முகவரிடம் "சிறப்பு வரலாற்றுத் தொகுப்பு" என்ற பெயரில் ரசீது வாங்கியவர்கள் யாராவது இருந்தால், ரசீதின் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.