ஜப்பானில் ஃபூஜிமலை அடிவார ஊரான ஃபூஜியோஷிதாவுக்கு ஒருநாள் பஸ் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

மூன்று மஞ்சள் துண்டுச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பேனாவால் 1000 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. அந்த ஊரின் ஐந்தடுக்குக் கோபுரமான சூரெய்டோ பகோடாவுக்கு ‘நுழைவுக் கட்டணம்’ என்று சொல்லி, எங்கள் டூர் கைடு பஸ்ஸுக்குள்ளேயே ஆளுக்கு 1000 யென் வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுத்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் அங்கே டிக்கெட் கவுன்டரே இல்லை. பகோடா இருக்கும் அரகுராயாமா பூங்காவுக்குள் எல்லோரும் சும்மாதான் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

போன நவம்பரில் நான், மனைவி, அம்மா மூவரும் டோக்கியோவிலிருந்து போனோம். தலைக்கு 12,000 யென். பகோடா, கிதாகுச்சி ஹொங்கு ஃபூஜி செங்கென் ஆலயம், பழைய கடைவீதியான ஹொன்சோ தெரு, மதியம் அந்த ஊர் உதோன் நூடுல்ஸ், இவ்வளவும் உண்டு என்று விளம்பரம். கூடவே ‘பண்பாட்டு அனுபவ மையம்’ என்று ஒரு வரி. அதில்தான் சூட்சுமம்.

அது ஒரு நினைவுப்பொருள் கடை. ஜன்னலே கிடையாது. வெளியே ஒரு துளி மேகம்கூட இல்லாமல் 3776 மீட்டர் ஃபூஜிமலை முழுசாக நிற்கிறது. உள்ளே நாங்கள் ஒரு மணி இருபது நிமிடம் தலையணை விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம். “மலையைப் பார்க்கத்தானேடா வந்தோம், இங்க என்ன வேலை?” என்றார் அம்மா. பஸ் பூட்டியிருந்தது.

பகோடாவின் அடிவாரத்துக்கு வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கொடுத்த நேரம் 35 நிமிடம். மேலே போக 398 படிகள். படிக்குப் பக்கத்திலேயே சரிவுப் பாதை ஒன்று வளைந்து வளைந்து போகிறது; முட்டிவலிக்காரரான அம்மா அதில் நிதானமாக ஏறியிருப்பார். கைடு அதைச் சொல்லவே இல்லை. அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூச்சு வாங்க ஏறினால், சூரியன் மலைப்பக்கம் சாய்ந்துவிட்டது. போட்டோவில் ஃபூஜி வெறும் சாம்பல் நிழல். அங்கிருந்து மலை தென்மேற்கில் இருப்பதால் காலை வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். தினமும் ஆள் கூட்டிவருகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

செங்கென் ஆலயத்தைப் பஸ்ஸிலிருந்தே கை காட்டிவிட்டார்கள். 2013இல் ஃபூஜிமலையோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்த இடம். யோஷிதா மலையேற்றப் பாதை தொடங்குவதே அங்கேதான். நாங்கள் கண்டது ஒரு வரிசை தேவதாரு மரங்கள். ஹொன்சோ தெரு அதுவும் இல்லை, கேட்டால் ‘டிராஃபிக்’ என்றார்கள். உதோனுக்குப் பதில் ஆளுக்கு இரண்டு சோற்று உருண்டை.

ஆத்திரம் தாங்காமல் இரண்டு நாள் கழித்து நானும் மனைவியும் ரயிலில் மறுபடி போனோம். ஷின்ஜுகுவிலிருந்து ஓட்சுகி, அங்கே ஃபூஜிக்யூ லைனுக்கு மாறி ஷிமோயோஷிதா ஸ்டேஷன். பகோடா, ஹொன்சோ தெரு இரண்டுமே அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பழைய கடைப் பலகைகள், குறுக்கும் நெடுக்கும் மின்கம்பிகள், தெருக்கோடியில் வானத்தை அடைத்துக்கொண்டு மலை. உதோனும் கிடைத்தது: நூடுல்ஸ் தடிமனாக, எவ்வளவு மென்றாலும் தீராது, மேலே வேகவைத்த முட்டைக்கோஸ். மேசையில் இருக்கும் காரமான மிளகாய் விழுதைக் கலந்தால் நம் நாக்குக்கு ஒத்துவரும். சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். குழம்பில் மீன்சாறு இருக்கும், பல கடைகளில் குதிரை இறைச்சியும் போடுவார்கள். மதியத்தோடு பல கடைகள் மூடிவிடும்.

டூரில்தான் போவேன் என்றால், எந்த இடத்தில் எத்தனை நிமிடம், எதற்கெல்லாம் தனியாகப் பணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கவில்லை. புகார் அனுப்பி மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மஞ்சள் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த டூருக்கு 10 சதவீதத் தள்ளுபடியாம்.