ஆடுபுலி ஆட்டத் துணி: ஆஸ்பத்திரி நாற்காலியில் விரித்துப் பார்த்தது

அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு கைவினைக் கடையில் வாங்கினேன், 280 ரூபாய். காடாத் துணியில் அச்சடித்த ஆடுபுலிக் கட்டம், மரத்தில் கடைந்த 3 புலி, 15 ஆடு, எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு சுருக்குப்பை. காத்திருக்கும் நேரத்துக்கென்றே வாங்கியது. அதற்கு இதைவிட நல்ல பொருள் இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

ஒரு கரித்துண்டு இருந்தால் கோடு போட்டுவிடலாமே, இதற்கு எதற்குக் காசு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே வைகையில் போய் உட்காருகிறவர்களுக்கு மணல் இருக்கிறது, ஒரு குச்சியும் 18 கல்லும் போதும். பழைய கோயில் மண்டபங்களில் கல்தரையிலேயே கட்டத்தைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நாம் மணிக்கணக்கில் உட்கார்ந்து கிடக்கிற இடமெல்லாம் டைல்ஸ் தரையும் துளை போட்ட ஸ்டீல் நாற்காலியும்தான், அங்கே சாக்பீஸை எடுத்தால் வாட்ச்மேன் சும்மா விடுவாரா? அதனால்தான் துணி.

அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. பரிசோதனைக்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிகிற வரைக்கும் கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிட்டார்கள். நானும் சித்தப்பா மகனும் நடுவில் இருந்த காலி நாற்காலியில் துணியை விரித்தோம். எனக்குப் புலி, அவனுக்கு ஆடு. கட்டத்தில் மொத்தம் 23 புள்ளி. உச்சியில் ஒரு புலி, அதற்குக் கீழே இரண்டு. ஆட்டை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும், 15-ம் இறங்கும்வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது, புலியோ அந்த நேரம் முழுக்கத் தாவி வெட்டிக்கொண்டே இருக்கும். அவன் நடுக்கட்டத்தில் இறக்கி இறக்கி வரிசையாகப் பறிகொடுக்க, மூடிய கண்ணைத் திறக்காமலேயே அப்பத்தா, "எங்கடா வைக்கிற? ஓரத்துல வையி. பின்னாடி காலி இல்லாட்டி புலி எப்படித் தாவும்?" என்றார். அப்புறம் எது எங்கே நிற்கிறது என்று எங்களையே சொல்லச் சொல்லி, கட்டத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆடுகளை நடத்தி, என் புலிகளில் இரண்டை அசைய விடாமல் அடைத்துவிட்டார். நர்ஸ் வந்து கூப்பிட்டதற்கு, "இரும்மா, இன்னும் ஒரு புலி பாக்கி இருக்கு" என்று பதில். ஆபரேஷன் பயத்தில் காலையிலிருந்து வாயே திறக்காதவர் அவர்.

போனிலும் இந்த ஆட்டம் கிடைக்கிறது. ஆனால் துணியை விரித்தால்தான் எதிர் நாற்காலிக்காரரும் எழுந்து வந்து நிற்கிறார், யோசனை சொல்கிறார், அடுத்த ஆட்டம் எனக்கு என்கிறார்.

சரி, குறைகள். கீழ்வரிசைக் கோடு பாதி தையலுக்குள் போய்விட்டது. புலியும் ஆடும் ஒரே உயரம், ஒன்று சிவப்பு, மற்றது அரக்கு, மங்கலான வெளிச்சத்தில் எது எதுவென்று தெரியவில்லை. புலியை ஒரு விரற்கடை உயரமாகக் கடைந்திருந்தால் பார்வை குறைந்தவர்கள் தடவிப் பார்த்தே ஆடலாம், செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஸ்டீல் நாற்காலியில் துணி வழுக்குகிறது, அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் நிற்கும். சுருக்குப்பை நாடா இறுகுவதில்லை, ஒரு ஆடு எங்கேயோ விழுந்துபோய் இப்போது அதன் இடத்தில் புளியங்கொட்டை.

மாட்டுத்தாவணி மாதிரி இடத்துக்கு இது சரிப்படாது, பாதி ஆட்டத்தில் பஸ் வந்துவிடும். நின்றுகொண்டே காத்திருக்கும் வரிசைக்கும் உதவாது. உட்கார ஒரு இடம், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத நேரம், கூட ஒரு ஆள், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

இதே துணி மரப்பெட்டியோடு 450 ரூபாய்க்கும் இருக்கிறது. அது வேண்டாம், பெட்டிக்குத்தான் அந்த விலை, காய்களும் துணியும் அதேதான்.