நீடில் பர்னரா, ஹப் கட்டரா?

ஊசி போட்டு முடித்த பிறகு அந்த ஊசியை என்ன செய்வது என்பதில் சின்ன கிளினிக்குகளில் இன்னும் குழப்பம்தான். மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது. விரலில் குத்திக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அப்புறம் மிச்சமிருப்பது கரண்டில் ஊசியை எரிக்கும் நீடில் பர்னரும், கையால் அழுத்தி ஊசியை வெட்டும் ஹப் கட்டரும்.

பர்னர் பார்க்கத் திருப்தியாக இருக்கும். உள்ளே விட்டதும் சுர்ரென்று ஒரு பொறி, கருகிய வாடை, ஊசியைக் காணோம். ஆனால் சிரிஞ்சைத் திருப்பிப் பாருங்கள், ஹப்பை (ஊசியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் அடிப்பகுதி) ஒட்டி எரியாத துண்டு ஒன்று பல நேரம் நீட்டிக்கொண்டிருக்கும். அது சிரிஞ்ச் போடும் சிவப்புப் பைக்குள் போய், பையைக் கட்டுகிற அம்மாவின் கையில் குத்தும். நோயாளியின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை (ஹெச்ஐவிக்கு அது சுமார் 0.3 தான், ஆனாலும் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான்). கரண்ட் போனாலோ ட்ரேயில் ஊசிகள் குவிய ஆரம்பித்துவிடும். தவிர, சிரிஞ்ச் முழுசாக மிஞ்சுகிறது; புது ஊசி மாட்டி யாராவது திரும்ப விற்றால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஹப் கட்டரில் 'டக்' என்று ஒரே அழுத்து, ஹப்போடு சேர்ந்து ஊசி கீழே டப்பாவில் விழும். மூக்கறுந்த சிரிஞ்சில் வேறு ஊசி பொருந்தாது. கரண்டும் வேண்டாம் என்பதால் கிராமத்துத் தடுப்பூசி முகாம்களுக்கு இதைத்தான் எடுத்துப் போகிறார்கள். குறை இல்லாமல் இல்லை: வெட்டும்போது மீந்த ரத்தம் லேசாகத் தெறிக்கலாம், பிளேடும் மழுங்கும். இரண்டு தடவை அழுத்தினால்தான் வெட்டுகிறது என்றால் மாற்றிவிடுங்கள்.

2016 மருத்துவக் கழிவு விதிகள் இரண்டையுமே ஏற்கின்றன. ஊசி குத்தாத, கசியாத வெள்ளை டப்பாவுக்கு. சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு, அங்கிருந்து ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) துண்டாக்கி மறுசுழற்சிக்கு. எரிக்கப் போகும் மஞ்சள் பையில் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள்.

என் ஓட்டு ஹப் கட்டருக்குத்தான். டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். குலுக்கிவிட்டு இன்னும் பத்து ஊசிக்கு இடம் பார்க்கிற ஆள் எல்லா கிளினிக்கிலும் ஒருவர் இருப்பார், அவரிடம் மட்டும் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.