பருத்தித்துறையிலிருந்து சந்நிதி வரை: பஸ்ஸை நம்பிப் போகக்கூடிய ஒரு கரையோர நடை

யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் நடக்க நல்ல இடம் எது, சொந்த வாகனம் இல்லாமல் போய் வரலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கரையைத் தெரிவு செய்வதற்கு முன் பஸ் ஓடும் பாதையைப் பாருங்கள் என்பதுதான். இங்கே அடையாளமிட்ட நடைபாதை, தூரம் காட்டும் பலகை என்று ஒன்றும் கிடையாது. பாதி வழியில் கால் கடுத்தாலோ வெயில் ஏறினாலோ கை காட்டி ஏற ஒரு பஸ் பக்கத்தில் ஓடினால் அது நல்ல நடை. இல்லாவிட்டால் எவ்வளவு வடிவான கரையாக இருந்தாலும் எப்படித் திரும்பி வருவது என்ற யோசனையிலேயே நடக்க வேண்டி வரும். அந்தக் கணக்கில் பருத்தித்துறையில் தொடங்கி வல்வெட்டித்துறை தாண்டித் தொண்டைமானாற்றில், செல்வச் சந்நிதி கோயிலடியில் முடியும் 11, 12 கிலோமீற்றருக்குத்தான் என் ஓட்டு.

போவது சுலபம். யாழ் பஸ் நிலையத்தில் 750 இலக்க பஸ்ஸில் ஏறினால் நெல்லியடி வழியாக ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே பருத்தித்துறை. அரசின் இ.போ.ச பஸ்ஸும் உண்டு, தனியார் மினி பஸ்ஸும் உண்டு. கையில் பை இருந்தால் இ.போ.ச பஸ்தான் நல்லது, மினி பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் இன்னொருவரின் பையையும் தாங்க வேண்டியிருக்கும். விடியப்புறமே புறப்படுங்கள். பருத்தித்துறையில் தொடங்கி மேற்கே நடந்தால் காலை வெயில் முதுகில்தான் விழும், முகத்தில் அடிக்காது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் காற்று எதிரே வந்து தள்ளும், அது வேறு கதை. கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் சேர்ந்து கடல் வீதிக்கே தெறிக்கும், அந்த மாதங்களை விட்டுவிடலாம்.

நடையைத் தொடங்கும் முன் தும்பளை வீதியில் இருக்கும் தெருமூடி மடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பெயருக்கு ஏற்றபடி வீதிக்கு மேலேயே கூரை. வீதி மடத்துக்குள்ளால் போகிறது, இரண்டு பக்கமும் கல் திண்ணை. நடந்து வருகிறவன் வெயிலில் வாடக்கூடாது, இருந்து களை ஆறிப் போகட்டும் என்று அந்தக் காலத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்து நிமிடம் இருந்து பார்த்தால்தான் இதற்குப் பிறகு வரும் கரையோர வீதியில் நிழலுக்கு ஒரு கொட்டில்கூட இல்லாததன் எரிச்சல் சரியாக விளங்கும். பழைய ஆட்கள் சுமைதாங்கியும் மடமும் கேணியும் வைத்தார்கள். நாங்கள் குப்பை போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறோம், அதன் அடியிலேயே குப்பை.

1916இல் கட்டிய கலங்கரை விளக்கம் முனைப் பக்கம் இருக்கிறது, வெளியே நின்று பார்த்தால் போதும். பிறகு திரும்பி மேற்கே நடக்க வேண்டும். இன்பர்சிட்டிப் பக்கம் வந்தவுடன் கரை மாறிவிடும். விரிந்த மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது கல்லுக்கரை. முருகைக்கல்லும் பாசியும், இடையிடையே சின்ன மணல் திட்டு, அதில் இழுத்து வைத்த படகுகள். வீதி கடலை ஒட்டியே போகிறது. சில இடங்களில் வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நடுவில் அந்த வீதி மட்டும்தான். காலையில் போனால் படகு வந்த நேரமாக இருக்கும். வலையை வீதியோரம் விரித்து நாலைந்து பேர் இருந்து மீன் கழற்றுவார்கள். விரல் போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும், நண்டை மட்டும் காலைத் திருகி மெதுவாக எடுப்பார்கள், வலை அறுந்தால் நட்டம். “தம்பி, வலையில மிதியாமல் அங்கால சுத்திப் போங்கோ” என்று ஒரு ஐயா சொன்னார். அதே ஐயா இரண்டு நிமிடம் கழித்து எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் நடக்கிறீர்கள், பஸ்ஸுக்குக் காசில்லையா என்றும் கேட்டார். பொழுதுபோக்குக்கு நடக்கிறோம் என்பதை இந்தக் கரையில் யாரையும் நம்ப வைக்க முடியாது.

நாட்டின் வடமுனையான சக்கோட்டையும் இந்த வழியில்தான். கொடி வரைந்த கல் ஒன்று இருக்கிறது, படம் எடுக்கும் கூட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். தெற்கே நாட்டின் மற்ற முனையான தெய்வேந்திரமுனை வரை போனவர்களுக்கு இங்கே நின்று படம் எடுப்பதில் ஒரு சந்தோசம் இருக்கும். எனக்கு அதைவிட அங்கால் திக்கம், பொலிகண்டி வரையான துண்டுதான் பிடித்தது. கருவாடு காயும் வாசத்தைத் தாங்க முடியாதவர்கள் பஸ்ஸில் தாண்டிவிடலாம், குறை சொல்லமாட்டேன்.

பையில் கட்டாயம் பருத்தித்துறை வடை இருக்கட்டும். உளுந்தும் மாவும் சேர்த்துத் தட்டையாக, மெல்லிசாக, மொறுமொறுவென்று பொரித்தது. நாட்கணக்கில் கெடாது, வெயிலில் நமுக்காது, ஒன்றைக் கடித்தால் தண்ணீர் தேடும். அதனால் தண்ணீரையும் கூடக் கொண்டு போங்கள்.

வல்வெட்டித்துறையில் ரேவடிக் கடற்கரை இளைப்பாற நல்ல இடம். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் அங்கே ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. இந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஓட்டிப் போனவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது அதை நினைத்தால், இவ்வளவு தூரம் நடந்ததற்கு நாங்கள் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். தைப்பொங்கல் அன்று பட்டப் போட்டிக்காக ஊரே உதயசூரியன் கடற்கரையில் நிற்கும். பட்டம் பார்க்கப் போகலாம், நடக்கப் போகாதீர்கள்.

தொண்டைமானாற்றில் செல்வச் சந்நிதியோடு நடை முடிகிறது. அதைவிட நல்ல முடிவு ஒரு நடைக்குக் கிடைக்காது, ஏனென்றால் இது அன்னதானக் கந்தன் கோயில். சுற்றியுள்ள மடங்களில் மத்தியானம் பந்தி நடக்கும், யார் எவர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். ஆற்றங்கரையில் காலை நனைத்துவிட்டு அச்சுவேலிப் பக்கத்தால் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். நேரத்தை அங்குள்ள தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

குறைகளும் உண்டு. வழி முழுக்க எங்கள் கண்ணில் ஒரு பொதுக் கழிப்பறையும் படவில்லை. பெண்கள் பருத்தித்துறையிலேயே பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது. பஸ்ஸில் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு தடவை மினி பஸ் ஒன்றில் “வல்வெட்டித்துறையால போகுமோ அண்ணை?” என்று கேட்டதற்கு “ஓம் ஓம், ஏறுங்கோ” என்றவர், நெல்லியடி வந்ததும் “இதில இறங்கி மற்ற பஸ் பிடியுங்கோ” என்றார். மிச்சக் காசும் தரவில்லை. பின்னேரத்தில் பஸ் குறைந்துகொண்டே போகும் என்பதால் இருட்டும் வரை கரையில் இருக்கும் திட்டம் வேண்டாம்.

மற்றக் கரைகளைப் பற்றியும் கேட்பீர்கள். மணற்காடு காட்சிக்கு இதைவிட நூறு மடங்கு மேல்: மணல் மேடுகள், சவுக்குத் தோப்பு, மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயில். ஆனால் பஸ் விசயத்தில் நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை வல்லிபுரக் கோயிலுக்குச் சனம் போகும் நாளில் அங்கே இறங்கி மணலுக்குள்ளால் கடலுக்கு நடந்து, அதே வழியால் திரும்புவதுதான் பாதுகாப்பு. அந்தப் பக்கக் கடல் இழுக்கும், குளிக்க இறங்காதீர்கள். காரைநகர் கசூரினா கடற்கரை குளிக்க நல்லது, நடக்க அலுப்பு. கீரிமலைக்கு நடையென்று சொல்லிப் போகாமல் கேணியில் குளிக்கவே போகலாம். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கிய மழைத்தண்ணீர் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீராக ஊறி வருவதை வேறெங்கே பார்ப்பது? நெடுந்தீவு தனியாக எழுத வேண்டிய விசயம். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு 776 பஸ், அங்கிருந்து படகு. திரும்பும் படகின் நேரத்தைக் கேட்காமல் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முழுத் தூரத்தையும் நடக்கத் தேவையில்லை. பொலிகண்டியில் இறங்கி ரேவடி வரை நடந்தாலே போதும், பிள்ளைகள் அதற்குள் ஐஸ்கிறீம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.